வயதானவர்களுக்குத் திடீர் கல்லீரல் செயலிழப்பு: குமரி மாவட்டக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஆசாரிப்பள்ளமோ தக்கலையோ மார்த்தாண்டமோ, ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் பிள்ளைகள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றில் முக்கியமானவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மஞ்சள்காமாலை வந்தாலே கல்லீரல் செயலிழந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. காமாலை வருபவர்களில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். திடீர் செயலிழப்பு என்று டாக்டர்கள் சொல்வதற்குச் சில விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். நோயாளிக்கு முன்பே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், இருந்திருக்கக் கூடாது. ரத்தம் உறைவது தாமதப்பட்டு, அந்தத் தாமதத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 1.5 அல்லது அதற்கு மேல் போயிருக்க வேண்டும். அதோடு மூளையும் பாதிக்கப்பட்டு குழப்பம், உளறல், மயக்கத் தூக்கம் என்று ஏதாவது தெரிய வேண்டும். நோய் தொடங்கி 26 வாரத்துக்குள் இதெல்லாம் நடந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் காமாலையின் மஞ்சளைக் காட்டும் பில்லிரூபின் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். பில்லிரூபின் 20 இருந்தும் தெளிவாகப் பேசி, ஐ.என்.ஆர். சரியாக இருப்பவரைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பில்லிரூபின் 8 தான், ஆனால் ஐ.என்.ஆர். தினமும் ஏறுகிறது, பேச்சு தடுமாறுகிறது என்றால் அவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், பழைய குடிப்பழக்கம் எல்லாம் சேர்ந்து, யாருக்கும் தெரியாமலே சிரோசிஸ் இருந்திருக்கலாம். அதன் மேல் ஒரு கிருமியோ மருந்தோ போய் அடித்தால் வெளியிலிருந்து பார்க்க "திடீர்" மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது வேறு நோய். அதன் போக்கும் வேறு, சிகிச்சை முடிவுகளும் வேறு. அதனால்தான் முதல் நாளே ஸ்கேன் எடுத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, கல்லீரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு 68 வயசு. "இந்த வயசுல கஷ்டம்தான்" என்கிறார்கள். வயது மட்டுமே முடிவு செய்துவிடுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் வயதானவர்கள் குறைவாகத்தான் பிழைக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் குழு ஒன்று, 1998 முதல் 2007 வரை வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை 60 வயதுக்குக் கீழ், 60-ம் அதற்கு மேலும் என்று பிரித்துப் பார்த்தது. இளையவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் பிழைத்தார்கள். மூத்தவர்களில் பிழைத்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப்பேர்.

இதோடு நிறுத்திக்கொண்டால் "வயசுதான் காரணம்" என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் நோய்க்கான காரணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது படம் மாறியது. கல்லீரல் மாற்று அறுவை இல்லாமல், சொந்தக் கல்லீரலோடே பிழைத்தவர்களை மட்டும் எடுத்தால், ஒரே காரணத்தால் நோய் வந்த இளையவருக்கும் மூத்தவருக்கும் இருந்த இடைவெளி சின்னது. வயது தனியாக நின்று முடிவைத் தீர்மானிக்கவில்லை.

அப்படியானால் மொத்தக் கணக்கில் ஏன் அவ்வளவு வித்தியாசம்? இரண்டு காரணங்கள். ஒன்று, மேற்கு நாடுகளில் இளையவர்களுக்கு அதிகம் வருவது பாராசிட்டமால் அளவு மீறியதால். வேகமாக வந்தாலும், சொந்தக் கல்லீரலோடு தேறும் வாய்ப்பு அதில் அதிகம். மூத்தவர்களுக்கு அது குறைவு, மற்ற காரணங்கள் அதிகம். இரண்டாவது காரணம்தான் என்னை உறுத்துவது: மாற்றுக் கல்லீரலுக்கான பட்டியலில் மூத்தவர்கள் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டார்கள். கல்லீரல் கொடுக்கப்படவே இல்லை, அதனால் பிழைக்கவில்லை. அதை முழுக்க வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆகவே "68 வயசு" என்று யாராவது சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: என்ன காரணத்தால் வந்திருக்கிறது? எந்த நிலையில் இருக்கிறார்? இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன? நோய்க்கு முன்னால் எப்படி நடமாடினார்? தினமும் காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்த 68-ம், இரண்டு வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காத 68-ம் ஒன்றில்லை. டாக்டர்களுக்கு இது தெரியும். ஆனால் படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்தால் அவர் முன்பு எப்படி இருந்தார் என்று தெரியாது. அதைச் சொல்வது உங்கள் வேலை. "போன மாசம் வரைக்கும் தனியாக பஸ் ஏறி வடசேரி சந்தைக்குப் போய் வந்தார்" என்று சொல்லுங்கள்.

ஆனால் 40 வயதைத் தாண்டினாலே ஆபத்து என்று எங்கோ படித்தேனே?

லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை 1989-ல் வெளியிட்ட அளவுகோல் அது. 1973 முதல் 1985 வரை அங்கே பார்த்த 588 நோயாளிகளை வைத்து உருவாக்கியது. பாராசிட்டமால் அல்லாத காரணங்களுக்கு ஐ.என்.ஆர். 6.5-ஐத் தாண்டினால் அதுவே போதும். இல்லையென்றால் ஐந்து அடையாளங்களில் மூன்று இருந்தால் நிலைமை மோசம் என்று அது சொல்கிறது. அந்த ஐந்தில் ஒன்றுதான் வயது: 10-க்குக் கீழ் அல்லது 40-க்கு மேல். மற்றவை: சாதகமில்லாத காரணம், காமாலை வந்து ஏழு நாளுக்குப் பிறகு குழப்பம் தொடங்குவது, ஐ.என்.ஆர். 3.5-க்கு மேல், பில்லிரூபின் சுமார் 17.5-க்கு மேல்.

அதாவது வயது ஒன்று மட்டும் இருந்தால் அந்த அளவுகோலின்படியே ஒன்றும் நிரூபணமாகாது. பாராசிட்டமாலுக்கான தனி அளவுகோலில் வயது என்ற பேச்சே இல்லை. பிரான்சின் கிளிஷி அளவுகோல் 30 வயதில் ஒரு கோடு போடுகிறது. ரத்தம் உறைய உதவும், கல்லீரல் செய்யும் "உறைதல் காரணி ஐந்து" என்ற புரதம் எவ்வளவு குறைந்தால் ஆபத்து என்பது அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மாறும். டெல்லி எய்ம்ஸில் 1990-களில் செய்த ஆய்வும் 40 வயதை ஆபத்துக் கணக்கில் சேர்த்தது. ஆனால் அதே எய்ம்ஸ் பின்னால் உருவாக்கிய அளவுகோலில் அம்மோனியா (கல்லீரல் அகற்றாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவு), பில்லிரூபின், ஐ.என்.ஆர்., மூளைப் பாதிப்பு ஆகிய நான்கும் முதல் மூன்று நாளில் எப்படி மாறுகின்றன என்றுதான் பார்க்கிறார்கள். வயது அதில் இல்லை. எனக்கு இந்தப் பார்வைதான் பிடிக்கிறது. பிறந்த தேதி மாறாது. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும்தான் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும்.

வயதாகும்போது கல்லீரலில் உண்மையிலேயே என்ன மாறுகிறது?

அளவு குறைகிறது, அதற்குள் ஓடும் ரத்தமும் குறைகிறது. அடிபட்டால் திரும்ப வளரும் வேகம் குறைகிறது. சில மருந்துகளை உடைத்து வெளியேற்ற அதிக நேரம் எடுக்கிறது. ஆனால் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை வயதால் கெடாது. 75 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதி) 400 என்று வந்தால் "வயசான கல்லீரல், அப்படித்தான் இருக்கும்" என்று விடக் கூடாது. ஏதோ நடக்கிறது.

அடியே படாதவரை பழைய கல்லீரல் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யும். பெரிய அடி விழும்போதுதான் கையிருப்பு குறைவு என்பது தெரியவரும்.

பெரியவர்களுக்கு எதனால் வருகிறது? கெட்ட தண்ணீரா?

நம்மூரில் காமாலை என்றாலே தண்ணீரைத்தான் சொல்வோம். இளைஞர்களுக்கு அது பெரும்பாலும் சரி. தண்ணீரால் பரவும் ஹெப்படைடிஸ் ஏ கிருமி சின்ன வயதில் வந்தால் லேசாகப் போய்விடும், வயது கூடக்கூடக் கடுமையாகும். மொத்தத்தில் ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவில் இறப்பு என்றால், 50 வயதுக்கு மேல் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு. ஆனால் கிணற்றுத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் குடித்து வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலானோருக்கு அது சிறுவயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும், எதிர்ப்பும் இருக்கும். அதனால் 70 வயதில் காமாலை என்றால் தண்ணீரை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்காரக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது மருந்துகள். இந்தியாவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பில் ஏறக்குறைய பாதி காசநோய் மாத்திரைகளால்தான். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக் கூடியவை. வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இதற்காக டி.பி. மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம், காசநோய் அதைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் மாத்திரை தொடங்கிய பிறகு பசி சுத்தமாகப் போய்விட்டது, வாந்தி, மூத்திரம் அடர் மஞ்சள் என்றால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவைத்து, அன்றைக்கே டி.பி. பிரிவுக்குப் போங்கள். காமாலை தெரிந்த பிறகும் "கோர்ஸ் விடக்கூடாதே" என்று நல்லெண்ணத்தோடு மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பதுதான் பெரிய சேதத்தில் முடிகிறது. வலிப்பு மாத்திரைகள், சில ஆன்டிபயாடிக்குகள், பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகள் எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு.

அடுத்தது ஹெப்படைடிஸ் பி. பல வருடமாகச் சும்மா இருந்த கிருமி, புற்றுநோய் சிகிச்சையோ அதிக ஸ்டீராய்டோ கொடுத்ததும் விழித்துக்கொள்ளும். கீமோ தொடங்கும் முன் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை செய்தார்களா என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாம்.

இதய நோயாளிகளுக்கு வருவது இன்னொன்று. ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து கல்லீரலுக்கு ரத்தம் போகாமல், ஒரே நாளில் எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் எகிறும். எண்ணைப் பார்த்துக் குடும்பமே நடுங்கும். இதயம் சீரானால் அதே வேகத்தில் இறங்கியும் விடும். அங்கே கவனிக்க வேண்டியது இதயத்தை.

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் நோய் வயதான பெண்களுக்கும் வரும். சில சமயம் ஸ்டீராய்டு பலன் தரும். நிணநீர்ப் புற்று கல்லீரலுக்குள் பரவியும் செயலிழப்பு வரலாம்.

எலி பேஸ்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் கல்லீரல் செயலிழப்புக்குப் பெரிய காரணமாக இருந்து, விற்பனைக்குத் தடையும் வந்தது. பழைய ட்யூப் வீட்டு மூலையில் கிடக்கலாம். கண் மங்கிய பெரியவர் தெரியாமல் வாயில் வைத்தாலும், மனம் வெறுத்துச் செய்தாலும், முதல் ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில்தான் கல்லீரல் கெடத் தொடங்கும். "நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் மட்டும் ஊரில் என்ற வீடுகள் நம்மிடம் நிறைய. அப்பாவோ அம்மாவோ போனில் விரக்தியாகப் பேசினால் அதை வயதுப் புலம்பல் என்று தள்ளாமல் காது கொடுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கீழாநெல்லி கொடுக்கலாமா? எங்கள் ஊர் வைத்தியர் பத்தியம் வைத்துக் கொடுப்பார்.

வர்ம ஆசான்களும் சித்த வைத்தியமும் உள்ள மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். நான் சண்டைக்கு நிற்கவில்லை. ஆனால் குழப்பமோ தொடர் வாந்தியோ ஐ.என்.ஆர். ஏற்றமோ இருக்கும் காமாலைக்கு வாய்வழி எந்தக் கஷாயமும் வேண்டாம். கீழாநெல்லியைவிட, அதோடு என்னென்ன சேர்த்து அரைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பயம். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். "இயற்கை" என்பதால் கல்லீரல் சலுகை காட்டுவதில்லை.

இதைவிட முக்கியமானது, கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விட்டால் காரணம் தேடியே நாள் போய்விடும். பொட்டலமோ குப்பியோ இருந்தால் கையில் எடுத்துப் போங்கள்.

உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் கஞ்சி மட்டும் கொடுக்கிறோம். சரிதானே?

பெரியவருக்குச் சரியில்லை. ஏற்கெனவே சதை குறைந்த உடம்பு அது, கல்லீரல் கெட்டால் ரத்தச் சர்க்கரையும் திடீரென்று இறங்கும். தெளிவாக விழுங்க முடிகிறவருக்குக் கஞ்சியும் பயறும், மீனும், அவர் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சிறுகச் சிறுகப் பல தடவை கொடுக்கலாம். இரவு படுக்கும் முன்னும் ஏதாவது கொடுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால், குறிப்பாக கிளிமிபிரைடு போன்றவை, டாக்டரிடம் அன்றைக்கே சொல்லி அளவை மாற்றுங்கள். சாப்பாடு குறைந்து மாத்திரை மட்டும் பழையபடி போனால் காலையில் எழுப்ப முடியாத நிலை வரும். தடுமாற்றம் தொடங்கிவிட்டவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும்.

ஆச்சி இரண்டு நாளாக உளறுகிறார். வயசு மறதியா, கல்லீரலா?

பெரியவர்களின் நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இளைஞன் உளறினால் உடனே வண்டி பிடிப்போம். ஆச்சி உளறினால் "ஓர்மை போச்சு" என்று விட்டுவிடுவோம். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இரண்டு நாளில் வந்த குழப்பம் எதுவானாலும் அவசரம்தான்.

கல்லீரலால் வரும் குழப்பத்துக்குச் சில அடையாளங்கள்: பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, எளிய கணக்குத் தப்புவது, நீட்டிய கை விட்டுவிட்டு அடித்துக்கொள்வது, வழக்கமில்லாத கோபம். கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், ட்யூப் லைட்டில் தெரியாது. ஆனால் சோடியம் குறைவு, சர்க்கரை குறைவு, மூத்திரத் தொற்று, பக்கவாதம் எல்லாமே இதே மாதிரிக் காட்டும். அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறார் என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கெட்ட கல்லீரலில் அது நாள்கணக்கில் தங்கும். அப்புறம் மயக்கம் மாத்திரையாலா நோயாலா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும்.

அப்பா இதயத்துக்கு வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுக்கிறார். ஐ.என்.ஆர். 3 என்று வந்திருக்கிறது. கல்லீரல் போய்விட்டதா?

வார்ஃபரினே ஐ.என்.ஆரை உயர்த்தத்தான் கொடுக்கப்படுகிறது. அதை வைத்து மட்டும் கல்லீரலைக் கணிக்க முடியாது. அதேபோல் பித்தக்குழாய் கல்லாலோ கட்டியாலோ அடைபட்ட காமாலையில் வைட்டமின் கே உடம்பில் ஏறாமல் ஐ.என்.ஆர். கூடும், வைட்டமின் கே ஊசி போட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். கல்லீரலே செயலிழந்திருந்தால் இறங்காது. வீட்டில் என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்ற முழுப் பட்டியலும் முதல் மணி நேரத்தில் டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

எலிக்காய்ச்சலிலும் காமாலை வருமே?

வரும். வயல், ரப்பர் தோட்டம், மழைக்காலச் சேறு உள்ள நம் மாவட்டத்தில் இதை நினைக்காமல் இருக்கவே கூடாது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண், மூத்திரம் குறைவது. பில்லிரூபின் மிக அதிகமாக இருக்கும், ஆனால் எஸ்.ஜி.பி.டி. அவ்வளவு ஏறாது, ஐ.என்.ஆர். பெரும்பாலும் ரொம்பக் கெடாது. சரியான ஆன்டிபயாடிக்கும் தேவைப்பட்டால் டயாலிசிஸும் கொடுத்தால் கல்லீரல் தேறிவிடும். டெங்குவும், பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும்கூட இப்படி ஏமாற்றும்.

வயதானவர்களுக்கு மூளை வீக்கம் அதிகமா?

இதில் மட்டும் வயது கொஞ்சம் சாதகம். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்கி மண்டைக்குள் இடம் விடுகிறது, அதனால் மண்டைக்குள் அழுத்தம் எகிறுவது இளையவர்களுக்குத்தான் அதிகம். பெரியவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் கிருமித்தொற்றாலும் சிறுநீரகம், நுரையீரல், இதயம் ஒவ்வொன்றாகத் தளர்வதாலும் வருகிறது.

சிகிச்சை என்ன? நாகர்கோவிலிலேயே பார்க்க முடியுமா?

தொடக்கம் இங்கேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். காரணத்தைப் பிடிப்பது, சர்க்கரையை மணிக்கொரு தடவை பார்ப்பது, தொற்றுக்கு மருந்து, என்-அசிடைல்சிஸ்டீன் ஊசி. இந்த ஊசி பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து. அளவு மீறி விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக நன்றாக இருக்கும். பாராசிட்டமால் அல்லாத காரணத்திலும், குழப்பம் லேசாக இருக்கும்போதே தொடங்கினால் பலன் உண்டு. 2009-ல் வந்த அமெரிக்க ஆய்வில், அந்த ஆரம்ப நிலையில் ஊசி பெற்றவர்களில் பாதிப்பேர் மாற்று அறுவை இல்லாமல் பிழைத்தார்கள். பெறாதவர்களில் பத்துக்கு மூன்று பேர். ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகு கொடுத்தால் அந்தப் பலன் தெரியவில்லை.

ரத்தம் கசியாதபோது ஐ.என்.ஆர். எண்ணைச் சரிசெய்ய மட்டும் பிளாஸ்மா ஏற்ற வேண்டியதில்லை. ஏற்றினால் எண் அழகாகும், நோய் எந்தத் திசையில் போகிறது என்பது மறைந்துவிடும். பிளாஸ்மா பரிமாற்றம் என்பது வேறு. கெட்ட பிளாஸ்மாவை எடுத்துவிட்டு நல்லதை மாற்றுவது, சில பெரிய மையங்களில் செய்கிறார்கள். அம்மோனியா ஏறினால் தொடர் டயாலிசிஸும் உதவும்.

எப்போது பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி. என் கருத்து: ஐ.என்.ஆர். ஏறுகிறது, லேசான தடுமாற்றம் தெரிகிறது என்ற கட்டத்திலேயே மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனையோடு இங்குள்ள டாக்டர் பேசிவிட வேண்டும். மயக்கமான பிறகு கிளம்பினால் வழியிலேயே மூச்சுக்கு டியூப் போட வேண்டிவரும். திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், ஆனால் மார்த்தாண்டமும் நெய்யாற்றின்கரையும் தாண்டும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். மதுரை சுமார் 240 கிலோமீட்டர், சாலை நல்லது. போகும் இடத்தில் படுக்கை உண்டா, கல்லீரல் குழு இன்றைக்கு இருக்கிறதா என்று பேசி உறுதி செய்யாமல் எந்தப் பக்கமும் கிளம்ப வேண்டாம்.

காப்பீடு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவையும் வரும். ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். எல்லை தாண்டிப் போகும் முன் 1800 425 3993 என்ற எண்ணில் கேட்டுவிடுங்கள்.

மாற்றுக் கல்லீரலுக்கு வயது வரம்பு உண்டா?

இறந்தவர் உறுப்பு பெறப் பதிவு செய்ய 65 வயது என்று முன்பு தேசிய வழிகாட்டுதலில் ஒரு வரம்பு இருந்தது. 2023-ல் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது. இருப்பிடச் சான்று கேட்க வேண்டாம் என்றும் மாநிலங்களுக்குச் சொன்னது. ஆகவே 65 தாண்டியது என்பதாலேயே யாரும் கதவைச் சாத்த முடியாது.

அதற்காக எல்லாருக்கும் செய்யலாம் என்றில்லை. திடீர் செயலிழப்புக்குச் செய்யும் மாற்று அறுவையில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு முடிவுகள் சற்றுக் குறைவு என்று ஐரோப்பியப் பதிவேடு காட்டியது. இதயக் குழாய் அடைப்பு, சிறுநீரகம், நுரையீரல் எல்லாவற்றையும் ஓரிரு நாளில் சோதித்து முடிக்க வேண்டும். அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் ஐ.சி.யூ. தாங்குமா என்பது பெரிய கேள்வி. "செய்ய முடியாது" என்று சொன்னால், வயதாலா, இதயத்தாலா, தொற்றாலா என்று காரணத்தைத் தெளிவாகக் கேளுங்கள். வயதால் மட்டும் என்றால் இன்னொரு மையத்தில் கேட்கலாம். இதயம் தாங்காது என்றால் அந்தப் பதிலை மதியுங்கள்.

நான் என் கல்லீரலில் பாதியைக் கொடுக்கலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்.

சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் கொடுக்கலாம். ரத்தப் பிரிவு, கொழுப்புக் கல்லீரல் இல்லாமை, கல்லீரல் அளவு எல்லாம் பொருந்த வேண்டும். கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. சில நூறு பேரில் ஒருவர் உயிரிழக்கக் கூடும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் நெஞ்சைக் கொடுத்து நிற்பதும், தாய் தகப்பன் தடுப்பதும் நான் மதிக்கிற இரண்டு நிலைகள். யாரையும் சொந்தக்காரர்கள் நெருக்கக் கூடாது. கொடுக்க மனமில்லாதவருக்கு "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று மட்டும் வெளியே சொல்லும்படி தனியாக மருத்துவக் குழுவிடம் கேட்கலாம். நல்ல மையங்கள் அதைச் செய்யும்.

"இதுக்கு மேல வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று சொல்வது தப்பா?

எந்த நாளில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் நாள், காரணமே தெரியாதபோது, வயதைச் சொல்லி அழைத்துப் போனால் தேறியிருக்கக்கூடியவரையும் இழந்துவிடலாம். மூன்று நாள் முழுச் சிகிச்சை கொடுங்கள், எண்களைப் பாருங்கள். குழப்பமும் ஐ.என்.ஆரும் அம்மோனியாவும் ஏறிக்கொண்டே போகின்றன, மாற்று அறுவைக்கும் வழியில்லை என்று தெளிவான பிறகு, அவருக்கு வேதனை தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சைக்கு மாறுவது கைவிடுவது ஆகாது. மூச்சுத் திணறலையும் அமைதியின்மையையும் அடக்க மருந்துகள் உண்டு. வீட்டுக்குப் போவதென்றாலும் அவற்றை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பெரியவர் தெளிவாக இருந்த நாளில் ஏதாவது சொல்லியிருந்தால் அதற்குத்தான் முதலிடம், ஊரிலிருந்து வரும் மாமாவின் கருத்துக்கு இல்லை.

பாராசிட்டமால் பெரியவர்களுக்குக் கொடுக்கவே கூடாதா?

கொடுக்கலாம். வலிக்கு மற்ற மாத்திரைகளைவிடச் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச அளவு; மெலிந்தவர், சாப்பிடாதவர், குடிப்பவர் என்றால் 2 கிராமுக்குள் வைப்பது நல்லது, அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று. சளி மாத்திரையிலும் முதுகுவலி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்னால் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

பிழைத்து வந்துவிட்டார். இனி?

சிரோசிஸ் இல்லாமல் இருந்தவருக்குக் கல்லீரல் பெரும்பாலும் பழையபடி வளர்ந்துவிடும். நடை திரும்பத்தான் மாதங்கள் ஆகும். ஐ.சி.யூ.வில் போன சதையைப் பிடிக்க நல்ல புரதமும், தினமும் கொஞ்சம் நடையும், விழுந்துவிடாமல் பக்கத்தில் ஆளும் வேண்டும். எந்த மருந்தால் வந்ததோ அதன் பெயரை ஒரு அட்டையில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துவிடுங்கள். வழக்கமாக வாங்கும் மருந்துக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள். அதே மருந்து வேறு பெயரில் மறுபடி உள்ளே போனால் இரண்டாவது தடவை இன்னும் வேகமாகத் தாக்கும். டி.பி. மாத்திரையால் வந்திருந்தால் மீதி சிகிச்சையை நிறுத்திவிட முடியாது. எந்த மருந்தை விட்டு எதை எப்போது திரும்பத் தொடங்குவது என்று கல்லீரல் டாக்டரும் டி.பி. டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும், முதல் சில வாரங்களுக்கு வாரம் ஒரு தடவை எல்.எஃப்.டி. பார்க்க வேண்டும்.